சொதிக்கு எடுபடும் வெள்ளை ஒயின்: மஸ்கடே சூர் லீ

மஸ்கட் திராட்சையின் இனிப்பை நினைத்து மஸ்கடே வாங்கினால் ஏமாற்றம்தான். இது வேறு சரக்கு. பிரான்சில் லுவார் ஆறு கடலில் கலக்கும் நாந்த் பக்கம், மெலோன் த பூர்கோன்ய் என்ற திராட்சையில் எடுப்பது. இனிப்பு கிடையாது, புளிப்பு தூக்கல். ஆல்கஹால் 12 சதவீதம் அளவில்தான்.

லேபிளில் 'சூர் லீ' என்று இருக்க வேண்டும். நொதித்து முடிந்த ஈஸ்ட் மண்டியோடேயே குளிர்காலம் முழுக்கக் கிடந்த ஒயின் என்று பொருள். அடுத்த மார்ச் பிறக்காமல் அதை பாட்டிலில் அடைக்கக் கூடாது. வாயில் நிற்கும் கொழுமை, ரொட்டி மாவு வாசனை, நாக்கு நுனியில் மெல்லிய சுறுசுறுப்பு எல்லாம் மண்டி தருவது. மற்றபடி பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், முடிவில் கொஞ்சம் உப்புச் சாயல்.

நெல்லைச் சொதிக்கு இது அருமையான துணை. தேங்காய்ப்பாலின் கொழுப்பைப் புளிப்பு கழுவிவிடுகிறது. இறக்கியபின் பிழியும் எலுமிச்சையோடும் இசைகிறது. இஞ்சிப் பச்சடியை மட்டும் குறைத்துத் தொட்டுக்கொள்ளுங்கள், காரம் ஏறினால் ஒயின் ருசி அடங்கிவிடும். சாளை வறுவலுக்கும் மிளகாய்த்தூளைப் பாதியாக்க வேண்டும். புளி கரைத்த மீன் குழம்போடு வேண்டவே வேண்டாம். அல்வா தின்றபின் குடித்தால் வெறும் புளித்தண்ணீர்.

ஃபிரிட்ஜில் 3 மணி நேரம் வைத்து, 10 நிமிடம் முன்னால் எடுத்தால் 8 முதல் 10 டிகிரிக்கு வரும். நம்மூர் வெக்கையில் கிளாஸ் சீக்கிரம் சூடாகும். ஒரு தடவைக்கு 100 மில்லி ஊற்றினால் போதும். ஐஸ் போட்டால் நீர்த்துவிடும். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் 2 நாள் தாங்கும்.

விலைதான் உறுத்தல். பிரான்சில் 10 யூரோவுக்குள் நல்ல பாட்டில் கிடைக்கிறது. பல ஆண்டுகளாக 150 சதவீதமாக இருந்த சுங்க வரியும் மாநில வரியும் சேர்ந்துதான் இங்கே விலையை ஏற்றின. அப்படியும் ஷப்லி என்ற இன்னொரு பிரெஞ்சு வெள்ளை ஒயினைவிடக் குறைவு; சொதிக்காக ஷப்லிக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

அறுவடையாகி மூன்று ஆண்டுக்கு மேலான சாதாரண பாட்டிலைத் தவிருங்கள். இரண்டு வருஷம் மண்டியில் கிடக்கும் கிளிசோன், கோர்ஜ் என்ற மஸ்கடே வகைகள் விதிவிலக்கு. கடையில் ஏசி இல்லாத அலமாரியில், வெயில் படும் ஜன்னலோரம் நின்றதா என்று பாருங்கள். தக்கை மேலே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ, நிறம் பழுப்பேறியிருந்தாலோ சூட்டில் கெட்டது. பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.