ஒன்பது வருடம், இரண்டு பவர் கட்டமரான்: ஹல் பற்றி நான் மாற்றிக்கொண்ட கருத்து

பவர் கட்டமரான், அதாவது பாய் இல்லாமல் இன்ஜினில் ஓடும் இரட்டை ஹல் (தண்ணீரில் மிதக்கும் உடல்) படகு வாங்க யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சிம்மெட்ரிக் ஹல்லா, அசிம்மெட்ரிக் ஹல்லா, எது நல்லது?" என்றுதான். ஒவ்வொரு ஹல்லும் இரண்டு பக்கமும் ஒரே வடிவமாக இருந்தால் சிம்மெட்ரிக், இல்லாவிட்டால் அசிம்மெட்ரிக். ஒன்பது வருடத்துக்கு முன் நானும் இதையேதான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கேள்விக்கு மூன்றாவது இடம்தான் தருவேன். முதலில் பார்க்க வேண்டியது இரண்டு ஹல்லுக்கும் நடுவே உள்ள டன்னலின் (இடைவெளியின்) உயரம், அடுத்தது எடை.

என் முதல் படகு 8.5 மீட்டர், இரண்டு அவுட்போர்டு (பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்), பிளேனிங் வகை (வேகத்தில் தண்ணீர் மேல் எழும்பி ஓடுவது), அசிம்மெட்ரிக் ஹல். ஒரு வி வடிவப் படகை நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதியையும் தள்ளி வைத்த மாதிரி இருக்கும். உள்பக்கம் செங்குத்துச் சுவர், வெளிப்பக்கம் சரிவு. 20 நாட்டை (மணிக்கு சுமார் 37 கி.மீ.) தாண்டிவிட்டால் சொகுசோ சொகுசு. படகு தண்ணீரிலிருந்து எழும்பிவிடும், டன்னலுக்குள் புகும் காற்றும் நுரையும் அடியைத் தாங்கிக்கொள்ளும், சின்ன அலைகள் இருப்பதே தெரியாது. ஆனால் கடல் எப்போதும் 20 நாட்டுக்கு விடாதே! அலை கொஞ்சம் பெரிதானதும் 12 நாட்டுக்கு இறங்க வேண்டும், அங்கேதான் வினை. அந்த வேகத்தில் பின்பக்கம் அமுங்கியிருக்கும், ஹல் இன்னும் எழும்பியிருக்காது, டன்னலின் கூரை தண்ணீருக்கு மிக அருகில் நிற்கும். எதிர் அலை வந்து கூரையில் 'டமார்' என்று அறையும். மேசை மேல் வைத்த தம்ளர் சாயாது, நேராக எம்பிக் குதிக்கும். கூடவே தும்மல் வேறு: டன்னலுக்குள் அமுங்கிய காற்றும் தண்ணீரும் முன்பக்கமாகப் பீய்ச்சி அடித்து, கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீர். மூன்று வருடம் வைப்பரோடு குடும்பம் நடத்தினேன்.

கட்டமரான் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரத்தில் மரங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கிக் கட்டுவார்கள், டன்னலே கிடையாது. அதனால் இந்தத் தொல்லை அவர்களுக்கு இல்லை.

அதை விற்றுவிட்டு வாங்கியதுதான் இப்போது ஆறு வருடமாக இருக்கும் 11 மீட்டர் டீசல் படகு. டிஸ்பிளேஸ்மென்ட் வகை (எழும்பாமல் தண்ணீரை விலக்கிக்கொண்டே ஓடுவது), சிம்மெட்ரிக், உருண்டை அடி. ஒவ்வொரு ஹல்லும் நீர்மட்டத்தில் 1.1 மீட்டர் அகலம்தான், அதாவது நீளம் அகலத்தைப் போல பத்து மடங்கு. இந்த ஒல்லிதான் இதன் பலம். 11 மீட்டர், அதாவது 36 அடி நீர்மட்ட நீளமுள்ள படகுக்கு ஹல் வேகம், வழக்கமான கணக்கில் (நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால்) சுமார் 8 நாட். அகலமான ஒற்றை ஹல் படகு அதற்கு மேல் போகப் பார்த்தால் தானே எழுப்பிய அலையில் ஏற முடியாமல் திணறும். ஒல்லி ஹல் எழுப்பும் அலையே சிறியது, அதனால் 13, 14 நாட் வரை முக்கல் முனகல் இல்லாமல் போகிறது. 8 நாட்டில் இரண்டு இன்ஜினும் சேர்ந்து மணிக்கு 9 லிட்டர் குடிக்கும், 14 நாட்டில் 34. நான் பெரும்பாலும் 10-லேயே ஓட்டுகிறேன்.

சரி, குறை? எடை. ஒல்லி ஹல் சுமையை மன்னிக்காது. கணக்கு எளிது: என் படகின் இரண்டு ஹல்லுக்கும் சேர்த்து நீர்மட்டப் பரப்பு ஏறக்குறைய 18 சதுர மீட்டர், அப்படியானால் 180 கிலோ ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமுங்கும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஜெனரேட்டர், கூடுதல் பேட்டரி, ரப்பர் படகு, பெரிய தண்ணீர் டாங்க், "எப்போதாவது உதவும்" என்று சேர்த்த உதிரி பாகங்கள்... மூன்று வருடத்தில் ஒரு டன். முதலில் எனக்கு உறைக்கவே இல்லை. படகைக் கரையேற்றியபோது, பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் அடிப்பெயிண்ட் முடியும் கோட்டுக்கு மேலே, வெள்ளைப் பகுதியில், நாலு விரல் அகலத்துக்குப் பாசியும் கொட்டலசும் பிடித்திருந்ததைப் பார்த்துத்தான் புரிந்தது. டன்னலில் 65 சென்டிமீட்டர் என்று வாங்கிய இடைவெளி 59 ஆகியிருந்தது. அந்த ஆறு சென்டிமீட்டர் போனதும் பழைய 'டமார்' மெதுவாகத் திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்று, பின்னாலிருந்து சாய்வாக வரும் அலை. ஒல்லியான அணியம் (படகின் முன்முனை) முன்னால் உள்ள அலையின் முதுகில் குத்தும்போது படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் நான் ஆட்டோபைலட்டை நம்புவதில்லை, வேகத்தைக் குறைத்து கையில்தான் பிடிப்பேன். நண்பர் ஒருவரிடம் செமி-டிஸ்பிளேஸ்மென்ட் படகு இருக்கிறது, என் இரண்டு படகு வகைக்கும் நடுவானது. நீர்மட்டத்தில் ஒல்லி, அதற்கு மேலே அணியம் நன்றாக விரிந்து சைன் (அடியும் பக்கச் சுவரும் சேரும் விளிம்பு) வைத்தது. எரிபொருள் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதே அலையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறது. மறுபடி வாங்கினால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

பக்கவாட்டு அலையில் எல்லாக் கட்டமரானும் ஒரே ரகம், பெரிதாகச் சாயாது, ஆனால் வெடுக் வெடுக்கென்று ஆடும். சிலருக்கு ஒற்றை ஹல்லின் நிதானமான ஆட்டமே தேவலை என்று தோன்றும். கரை கட்டுவதில் புகாரே இல்லை, இன்ஜின்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும். அகலத்தால், படகைக் கரையேற்றும் எல்லா லிஃப்டிலும் ஏறாது, அது தனி அழுகை.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது டாங்க் இரண்டையும் நிரப்பச் சொல்லுங்கள், ஆட்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். எதிர் அலையில் 12 நாட் வைத்து, ஸ்டியரிங் பக்கம் நிற்காமல் உள்ளே முன் அறையில் கால் மணி நேரம் உட்காருங்கள். காலியான படகு எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

நான் போன மாதம் ஜெனரேட்டரைக் கழற்றி இறக்கிவிட்டேன். ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது.