பாத், பாடன்-பாடன், கார்லோவி வாரி: எந்த வெந்நீர் நகரத்துக்குப் போவது?

ஐரோப்பாவில் வெந்நீர் ஊற்றை நம்பி வளர்ந்த ஊர்கள் நிறைய உண்டு. அவற்றில் 7 நாடுகளைச் சேர்ந்த 11 ஊர்களை யுனெஸ்கோ 2021இல் ஒன்றாகச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படும் மூன்று ஊர்கள் இங்கிலாந்தின் பாத், ஜெர்மனியின் பாடன்-பாடன், செக் நாட்டின் கார்லோவி வாரி. படங்களில் பார்த்தால் மூன்றிலும் அதே தூண்கள், அதே ஆவி பறக்கும் நீர். நேரில் போனால் கதையே வேறு. பாத்தில் தண்ணீரைப் பார்ப்பீர்கள், பாடன்-பாடனில் இறங்கிக் குளிப்பீர்கள், கார்லோவி வாரியில் குடிப்பீர்கள். இது தெரியாமல் டிக்கெட் போட்டால் ஏமாற்றம்தான்.

பாத்: குளம் உண்டு, குளியல் வேறிடத்தில்

நீச்சலுடையோடு ரோமானியக் குளியலகத்துக்குப் போய்விடாதீர்கள். அது அருங்காட்சியகம். அங்கே தண்ணீரைத் தொடவே கூடாது. நாளொன்றுக்குச் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் 46 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஊறி வருகிறது. ஆழம் 1.6 மீட்டர் உள்ள பெரிய குளத்தின் அடித்தளத்தில் ரோமானியர் பதித்த 45 ஈயத் தகடுகள் இன்றும் இருக்கின்றன. நீர் பச்சையாகத் தெரிவதற்கு பாசிதான் காரணம். ரோமானியர் காலத்தில் குளத்துக்கு மேல் கூரை இருந்தது. இப்போது வெயில் நேராக விழுவதால் பாசி பிடிக்கிறது. குளத்தைச் சுற்றி மேலே நிற்கும் சிலைகளையும் ரோமானியர் வைத்ததாக நினைத்துவிட வேண்டாம், அவை விக்டோரியா காலத்தவை.

இங்கே குளிப்பது நின்றதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 1978இல் இந்த ஊற்று நீர் வந்த குளத்தில் நீந்திய ஒரு சிறுமி, மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்துபோனாள். அதன்பின் ஊரில் பொதுக்குளியலே இல்லாமல் போனது. சுத்திகரித்த ஊற்று நீரோடு தெர்மே பாத் ஸ்பா 2006இல் திறக்கப்பட்ட பிறகுதான் மறுபடி குளிக்க முடிந்தது. அங்கே கூரைமேல் குளத்தில் நீர் சுமார் 33.5 டிகிரி இருக்கும். அபே தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தபடி மிதக்கலாம். நீச்சலுடை கட்டாயம், 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி கிடையாது. வார இறுதியில் கட்டணமும் கூடும், கூட்டமும் கூடும். ஆகவே வார நாளில் போங்கள்.

அருங்காட்சியகத்தில் குளத்தைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடாதீர்கள். ஊற்றிலிருந்து எடுத்த 130 வரையிலான சாபத் தகடுகளைக் கட்டாயம் பாருங்கள். விரல் நீளச் சாம்பல் நிறத் தகட்டில் எழுத்தைக் கீறி, சுருட்டி, சூலிஸ் மினர்வா தெய்வத்துக்கு ஊற்றில் போட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் திருட்டுப் புகார்தான். மேலங்கியைப் பறிகொடுத்த ஒருவர், எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ, அவருக்குத் தூக்கமே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். ஒலிவழிகாட்டியோடு நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். கடைசியில் சுத்திகரித்த ஊற்று நீரைக் குழாயில் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம்.

பாடன்-பாடன்: வெட்கத்தை வாசலில் விட வேண்டும்

குளிப்பதற்காகவே போகிறவர்களுக்கு மூன்றில் இதுதான் சரியான ஊர். ஊற்று நீர் 68 டிகிரி வரை கொதிக்கக் கொதிக்க வருகிறது. குளிக்க இரண்டு இடங்கள். 1985இல் திறந்த கராகல்லா தெர்மே, நீச்சலுடையோடு இறங்கும் நவீனக் குளங்கள். 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். மாடியில் உள்ள சானா (வியர்க்க வைக்கும் வெப்ப அறை) பகுதியில் மட்டும் ஆடை கூடாது.

மற்றது 1877இல் திறந்த ஃப்ரீட்ரிக்ஸ்பாட். அங்கே முழுக்க ஆடையில்லாமல்தான் குளிக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது. ஆண், பெண் தனித்தனி நாள், கலந்த நாள் என்று அட்டவணை இருக்கும், அவ்வப்போது மாறும். தனித்தனி நாள் என்று போட்டிருந்தாலும் நடுக்குளம் இருபாலாருக்கும் பொதுவாக இருந்துவந்திருக்கிறது. கூச்சப்படுகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது. குழுவாகப் போகும்போது பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவது இதனால்தான்.

உள்ளே 17 கட்டங்கள். ரோமானியரின் நீர்க்குளியலும், ரிச்சர்ட் பார்ட்டர் என்ற ஐரிஷ் மருத்துவர் பரப்பிய உலர்ந்த வெப்பக் காற்றும் சேர்ந்த முறை என்பதால் ரோமன்-ஐரிஷ் குளியல் என்கிறார்கள். முதலில் ஷவர். அடுத்து 54 டிகிரி வெப்பக் காற்றறையில் சுமார் 15 நிமிடம், பிறகு 68 டிகிரி அறையில் 5 நிமிடம். மரச் சாய்விருக்கையில் வெறும் உடம்போடு படுத்தால் சுடும் என்பதால் கொடுத்த துணியை விரித்துப் படுக்க வேண்டும். தரையும் சூடுதான், செருப்பைக் கழற்றாதீர்கள். மறுபடி ஷவர் எடுத்ததும், விரும்பினால் சோப்புத் தேய்ப்பு. பலகையில் படுக்கச் சொல்லி, நுரை ததும்பத் தூரிகையால் முதுகிலிருந்து பாதம் வரை அழுத்தித் தேய்ப்பார்கள். ஊறிய தோல் அழுக்கு உரியும், உடம்பே எடை குறைந்ததுபோல் இருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே இதைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். எங்கள் பரிந்துரையும் அதுவே.

பிறகு 45, 48 டிகிரி நீராவி அறைகள். அங்கிருந்து சூடு படிப்படியாக இறங்கும்: 36 டிகிரிக் குளம், 34 டிகிரிக் குமிழ்நீர்க் குளம், பெரிய குவிமாடத்தின் கீழ் 28 டிகிரி வட்டக் குளம், கடைசியில் 18 டிகிரிக் குளிர்நீர் முழுக்கு. இந்த வரிசையில்தான் மொத்தப் பலனும் இருக்கிறது. முதலில் உலர் வெப்பம் வியர்க்க வைக்கும், ஈர வெப்பம் தளர்த்தும், பிறகு நீர் உடம்பை மெல்ல ஆற்றும். அவசரப்பட்டுக் கட்டங்களைத் தாண்டினாலோ, குளிர்நீருக்குப் பயந்து விட்டுவிட்டாலோ உடம்பு தணியாமல் வெளியே வந்தபிறகும் வியர்த்துக்கொண்டே இருக்கும். முடிவில் போர்வை சுற்றி அரை மணி நேரம் படுக்க வைப்பார்கள். மொத்தம் 3 மணி நேரம் ஒதுக்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது, மது அறவே கூடாது. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இந்த வரிசையில் இறங்க வேண்டாம்.

மற்றபடி ஊரில் ஊற்று நீர் குடிப்பதற்காகக் கட்டிய, 16 தூண் வரிசையோடு நிற்கும் டிரிங்க்ஹாலே மண்டபம், லிஷ்டென்டாலர் அல்லே பூங்கா நடை, சூதாட்ட மாளிகை. அரை நாள் போதும்.

கார்லோவி வாரி: குவளையோடு நடக்கும் ஊர்

இங்கே நீர் வைத்தியம் என்றால் முதலில் குடிப்பதுதான். குளியல் உண்டு, அது பெரும்பாலும் ஹோட்டல்களிலும் சிகிச்சையகங்களிலும். தெப்லா ஆற்றங்கரையோரம் தூண் மண்டபங்கள். அவற்றில் குழாய்களில் ஊற்று நீர் இலவசமாக ஓடிக்கொண்டே இருக்கும். நீரை மெதுவாக, நடந்துகொண்டே குடிக்க வேண்டும் என்பது வைத்திய முறை. மழையிலும் நடக்க வசதியாகத்தான் இந்த மண்டபங்களைக் கட்டினார்கள். பெரியது 124 தூண்கள் கொண்ட மில் மண்டபம், யோசெப் சீடெக் வடிவமைத்தது. வர்ஷிட்லோ ஊற்று 73 டிகிரியில் 12 மீட்டர் உயரம் வரை பீறிட்டு எழும். உள்ளே அடைந்திருக்கும் கரியமில வாயுதான் அதைத் தள்ளுகிறது.

முதல் வேலையாக ஒரு பீங்கான் குவளை வாங்குங்கள். பார்வைக்குத் தட்டையான சின்னக் கெண்டிபோல இருக்கும். கைப்பிடியே குழாய், அதன் நுனியில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். நீரிலுள்ள கனிமங்கள் பல்லில் கறை பிடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்த நீர் என்பதால் உப்பும் இரும்பும் கலந்த வாடை அடிக்கும். இது தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீர் அல்ல.

பலரும் தவறுவது இங்கேதான். ஆசைக்கு எல்லா ஊற்றிலும் ஒரு குவளை குடித்துவிட்டுப் பேருந்து ஏறுகிறார்கள். இந்த நீர் பேதியாக்கும், ஆறிய ஊற்று நீர் கூடுதலாக. பிராகாவுக்குத் திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுவை பார்க்க மூன்று ஊற்றுகளில் இரண்டு மடக்கு போதும். புட்டியில் பிடித்துக்கொண்டு போவதும் வீண், வாயு வெளியேறிவிடும், உப்பு அடியில் படிந்துவிடும். உண்மையான சிகிச்சை மருத்துவர் ஊற்றையும் அளவையும் குறித்துத் தந்து, பல வாரங்கள் நடப்பது.

போக்குவரத்தும் நேரமும்

லண்டன் பாடிங்டனிலிருந்து பாத்துக்கு ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். நிலையத்திலிருந்து எல்லாமே நடை தூரம் என்பதால் ஒரே நாளில் போய்வர மூன்றில் இதுவே எளிது. பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பத்துக்கும் பாத்தான் பொருத்தம். பாடன்-பாடன் ரயில் நிலையம் ஓஸ் பகுதியில், நகர மையத்துக்குச் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெட்டியோடு நடக்கலாம் என்று கிளம்பாமல் பேருந்து பிடியுங்கள். குளியலுக்குப் பிறகு பயணம் செய்யத் தோன்றாது, ஓர் இரவு தங்குங்கள். கார்லோவி வாரிக்கு பிராகாவிலிருந்து ரயில் சுற்றிப் போகும், பேருந்தே வேகம். அங்கே இரண்டு இரவு தங்கினால்தான் காலையில் மண்டபங்களில் கூட்டம் சேருமுன் குவளையோடு நடக்க முடியும்.

விசா தேவைப்படுகிறவர்கள் ஒரு கணக்கு போட வேண்டும். பாடன்-பாடனும் கார்லோவி வாரியும் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றிலேயே அடங்கும், பாத்துக்கு பிரிட்டன் விசா தனி. பணமும் மூன்று விதம்: பாத்தில் பவுண்டு, பாடன்-பாடனில் யூரோ, கார்லோவி வாரியில் கொருணா. கார்லோவி வாரியில் கோடையில் சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் நாள்களில் அறை கிடைப்பது அரிது. ஊற்றுக்காக மட்டும் போகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்.