ஜெஸ்தியா, மெடிடேஷனா, பிளாக் இன்டென்ஷனா: ரெக்கார்டரின் புதிய இசையில் எதில் தொடங்குவது?

ரெக்கார்டர் என்றால் பள்ளிப் பிள்ளைகள் ஊதும் பிளாஸ்டிக் குழல் என்றுதான் பலருக்கும் தெரியும். மேற்கத்திய இசை கேட்பவர்கள் விவால்டி, டெலமான் போன்ற பரோக் கால (17, 18ஆம் நூற்றாண்டு) இசையமைப்பாளர்கள் வரைக்கும் வருவார்கள். 1960களுக்குப் பிறகு இதே குழலுக்காக எழுதப்பட்ட இசை ஒரு தனி உலகம். அதற்குள் நுழைய மூன்று படைப்புகளை எல்லோரும் கைகாட்டுவார்கள்: லூச்சானோ பெரியோவின் 'ஜெஸ்தி' (1966), ரியோஹெய் ஹிரோசேயின் 'மெடிடேஷன்' (1975), மாகி இஷியின் 'பிளாக் இன்டென்ஷன்' (1975). மூன்றுமே ஒரே ஒரு கலைஞர் மேடையில் நின்று வாசிப்பவை. ஆனால் ஒன்றைக் கேட்டவருக்கு இன்னொன்று பிடிக்கும் என்று சொல்ல முடியாது, அவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன.

ஒப்பிடுவதற்கு முன் குழலின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் புல்லாங்குழலில் உதட்டின் கோணத்தை மாற்றிச் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். ரெக்கார்டரில் உதட்டுக்கு அந்த வேலையே இல்லை. காற்று போகும் வழி ஊதுமுனைக்குள்ளேயே நிலையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அழுத்தி ஊதினால் ஒலி கூடும், கூடவே சுருதியும் ஏறும். மெல்ல ஊதினால் சுருதி இறங்கிவிடும். சத்தமும் சுருதியும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்துகிடப்பதுதான் இதன் பெரிய பலவீனம். 18ஆம் நூற்றாண்டில் ஆர்கெஸ்ட்ரா பெரிதாகப் பெரிதாக ரெக்கார்டர் ஒதுங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆர்னால்ட் டால்மெட்ஷ் போன்றவர்கள் இதை மீட்டுக் கொண்டுவந்தபோதும் பலவீனம் அப்படியேதான் இருந்தது. அதை இந்த மூன்று இசையமைப்பாளர்களும் எப்படிக் கையாண்டார்கள் என்பதை வைத்துத்தான் நான் மதிப்பிடுகிறேன்.

பெரியோ செய்தது அசாத்தியமான காரியம். டச்சுக் கலைஞர் ஃப்ரான்ஸ் ப்ரூகனுக்காக எழுதப்பட்ட 'ஜெஸ்தி'யில் விரல்களுக்கு ஒரு குறிப்பு, வாய்க்கு வேறொரு குறிப்பு. விரல்கள் டெலமானின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். வாயோ அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் ஊதும், நிறுத்தும், நாக்கை உருட்டும், குரல் கொடுக்கும். இரண்டும் எங்கே பொருந்துகின்றனவோ அங்கே ஒரு ஸ்வரம் பிறக்கும். பொருந்தாத இடத்தில் கீச்சென்று ஒரு சத்தம், அல்லது வெறும் காற்று. எந்த நேரத்தில் எது வரும் என்று வாசிப்பவருக்கே தெரியாது. பரோக் இசையை வாசித்து வாசித்துப் பழகிய கை அதே பழக்கத்தில் ஓட, வாய் அதற்கு எதிராகப் போகிறது. போகப்போக இரண்டும் நெருங்கி வருகின்றன. பரோக் இசைக்கே பேர்போன ப்ரூகன் கையில் இதைக் கொடுத்ததில் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது: கற்ற பாடம் நம் உடம்பில் எங்கே தங்கியிருக்கிறது?

ஆனாலும் முதன்முதலில் கேட்பவருக்கு இதைத் தர மாட்டேன். ஒலிப்பதிவாக மட்டும் கேட்டால் விரலுக்கும் வாய்க்கும் நடக்கும் இழுபறி பாதிகூடப் புரியாது. யாராவது மேடையில் வாசிப்பதைப் பார்க்க வேண்டும், முடிந்தால் இசைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இஷியும் ஹிரோசேயும் வேறு ரகம். இரண்டு பேரும் ஜப்பானியர்கள், இரண்டு படைப்பும் 1975இல் வந்தவை. அங்கே ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழல் உண்டு. அதை வாசிப்பவர் தாடையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் ஸ்வரத்தை வளைப்பார், மூச்சின் இரைச்சலையே இசையின் பகுதியாக்குவார். ரெக்கார்டரில் தாடையை எப்படி ஆட்டினாலும் ஸ்வரம் வளையாது. ஹிரோசே ஜப்பானிய மரபுக் கருவிகளுக்கு நிறைய எழுதியவர், அவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தாடை செய்ய வேண்டியதை மூச்சின் அழுத்தத்திடமும் விரல்களிடமும் ஒப்படைக்கிறார். துளையைப் பாதி மூடுவது, விரலை மெல்ல நகர்த்துவது, நீண்ட ஸ்வரத்தில் காற்றைக் கூட்டிக் குறைப்பது. அழுத்தினால் சுருதி ஏறும் என்ற குறை இங்கே குறையாகவே தெரியாது, ஏனென்றால் அந்த ஏற்றம்தான் அவருக்குத் தேவைப்படுகிறது. 'மெடிடேஷன்' முழுக்க ஆல்ட்டோ என்ற நடுத்தர அளவு ரெக்கார்டருக்குத் தன் குரல் கிடைத்துவிட்டது போலிருக்கும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இப்படி வளைந்து போவது அந்நியமாக இருக்காது. கர்நாடக இசையோடு இதற்கு எந்த உறவும் இல்லை, ராகமும் தாளமும் தேட வேண்டாம். ஆனால் ஒரே ஸ்வரத்துக்குள் இவ்வளவு நடக்கலாம் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இஷி இதற்கு நேர் எதிர். நவீன நடனத்தின் முன்னோடியான பாகு இஷியின் மகன், பெர்லினில் படித்தவர். 'பிளாக் இன்டென்ஷ'னில் ஒரே ஆள் சோப்ரானோ என்ற சிறிய ரெக்கார்டர்கள் இரண்டை ஒன்றாக வாயில் வைத்து ஊதுகிறார். முதலில் ஜப்பானிய மெட்டு போல ஒன்று அமைதியாக வரும். இரண்டாவது குழல் சேர்ந்ததும் அந்த மெட்டு நசுங்கத் தொடங்குகிறது. இரண்டு குழலுக்கும் ஒரே மூச்சு என்பதால் அழுத்தினால் இரண்டும் ஒன்றாக ஏறி, ஒன்றோடொன்று உரசி அதிர்கின்றன. அப்புறம் அலறல், டாம்டாம் என்ற பெரிய வெண்கலத் தட்டின் அடி, ஆல்ட்டோவைவிடப் பெரிய டெனர் ரெக்கார்டரின் கனத்த ஒலி. நேரில் பார்த்தால் அரங்கமே உறைந்துபோகும். நாடகம் இதில் கொஞ்சம் தூக்கல்தான், அந்த வெண்கல அடி இல்லாமலே இது நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஆனால் ரெக்கார்டரைச் சாதுவான கருவி என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இன்னொரு வழியும் இருக்கிறது: கான்செர்ட்டோ, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒரு தனிக் கருவி முன்னின்று வாசிக்கும் வடிவம். டென்மார்க்கின் மிகாலா பெட்ரிக்காக மால்கம் ஆர்னால்ட் 1988இல் எழுதிய கான்செர்ட்டோ கேட்க இனிமையானது, விறுவிறுப்பானது. ஆனால் அங்கே பலவீனத்தை மறைப்பதில்தான் திறமை செலவாகிறது, பல இடங்களில் அதே வரியை ஒரு புல்லாங்குழலுக்குக் கொடுத்தாலும் பெரிதாக நஷ்டமில்லை. இதைவிட வாகன் ஹோல்ம்போ 1974இல் எழுதிய கான்செர்ட்டோ எனக்குப் பிடிக்கும். வயலின் குடும்பத்தோடு செலெஸ்டா, வைப்ரஃபோன் என்று மெல்லிய ஒலிகளைச் சேர்த்திருக்கிறார், குழல் எதிலும் மூழ்கிப்போவதில்லை.

ஃபாஸ்டோ ரொமிதெல்லியின் 'சீஸ்கேப்' (1994) பற்றியும் சொல்ல வேண்டும். பேட்ஸோல்ட் வகை காண்ட்ராபாஸ் ரெக்கார்டர் ஒட்டுப்பலகையில் செய்த சதுரக் குழாய், ஆள் உயரத்துக்கு நிற்கும். அதன் ஒலியை ஒலிபெருக்கியில் விடுகிறார். மூச்சு, துளைகளை மூடும் விசைகளின் தட்டல் எல்லாமே பெரிதாகி அறையை நிரப்புகின்றன. சத்தம் போதாது என்ற பழைய குற்றச்சாட்டு இதோடு தீர்ந்தது. நல்ல ஹெட்ஃபோனில், இரவில் கேட்க வேண்டியது.

சரி, எதில் தொடங்குவது? கேட்பவர் என்றால் தயங்காமல் 'மெடிடேஷன்'. அடுத்து 'பிளாக் இன்டென்ஷ'னை வீடியோவாகப் பாருங்கள், ஒலியாக மட்டும் வேண்டாம். 'ஜெஸ்தி' மூன்றாவதாக வரட்டும். மூன்றிலும் துணிச்சலானது அதுதான், ஆனால் குழலின் இயல்பான ஒலி காதில் பதிந்த பிறகுதான் அது கலைத்துப்போடுவது என்ன என்று தெரியும்.

வாசிப்பவர் என்றால் கணக்கு மாறும். 'பிளாக் இன்டென்ஷ'னுக்கு இரண்டு சோப்ரானோ, ஒரு டெனர், ஒரு டாம்டாம் வேண்டும். 'சீஸ்கேப்'புக்கு விலை கூடிய அபூர்வமான கருவி. 'ஜெஸ்தி'க்கும் 'மெடிடேஷ'னுக்கும் ஆல்ட்டோ ஒன்றே போதும். யமஹா, ஆலோஸ் போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் ஆல்ட்டோவிலேயே துளையைப் பாதி மூடி ஸ்வரத்தை வளைக்கும் பயிற்சியை ஆரம்பித்துவிடலாம். துளைகளை எந்த விரலால் எப்படி மூடுவது என்பதில் பரோக், ஜெர்மன் என இரண்டு முறை உண்டு; பரோக் விரலமைப்பு உள்ளதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.