மீட்டிங் அழைப்பு: குழு முகவரிக்கா, ஒவ்வொருவர் பெயருக்குமா?

மெயில் போய்ச் சேர்ந்தால் அனுப்பியவர் வேலை முடிந்தது. மீட்டிங் அழைப்பில், போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. திங்கள்தோறும் காலை பத்தரைக்கு என்று ஒரு தொடரை அனுப்பிவிட்டால், அது வருடக்கணக்கில் முப்பது நாற்பது பேருடைய காலண்டரில் உட்கார்ந்திருக்கும். நடுவில் நேரம் மாறும், அறை மாறும், புதிதாக ஆள் வருவார், பழைய ஆள் வேறு புராஜெக்ட்டுக்குப் போவார். அதனால் அழைப்பில் டிஎல்லை (பலருக்கும் சேர்த்து இருக்கும் ஒரே குழு முகவரியை) போடுவதா, ஒவ்வொருவர் பெயரையும் போடுவதா என்று வரும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பின்னால் சேருகிறவருக்கும் விலகுகிறவருக்கும் என்ன ஆகும்?

பெயர் பெயராகச் சேர்ப்பது

அலுப்பான வழிதான். ஆனால் யார் வருகிறார், யார் வரவில்லை, யார் பதிலே சொல்லவில்லை என்று பளிச்சென்று தெரிவது இதில்தான். அவுட்லுக்கில் நடப்பு அழைப்பில் ஒருவரைச் சேர்த்து அனுப்பும்போது, எல்லோருக்கும் அனுப்பவா, இல்லை சேர்த்தவருக்கும் நீக்கியவருக்கும் மட்டும் அனுப்பவா என்று கேட்கும். இரண்டாவதைச் சொன்னால் மற்றவர்களுக்குத் தொந்தரவே இல்லை. நீக்கப்பட்டவருக்கு ரத்து அறிவிப்பு போகும், அவருடைய காலண்டரும் சுத்தமாகும். ஒவ்வொருவரும் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்று பார்த்து நேரம் குறிப்பதும் எளிது.

சிரமம் பராமரிப்பில் இருக்கிறது. புதியவர் சேர்ந்த செய்தி அமைப்பாளர் காதுக்கு எட்ட வேண்டும். ஒரே அணிக்கு ஐந்து தொடர்கள் ஓடினால் ஐந்திலும் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும், ஒன்றையாவது மறந்துவிடுவோம். கூகுள் காலண்டரில் தனிப்பெயர்களாக 200 பேருக்கு மேல் அழைக்கவும் முடியாது, அதற்குக் குழு முகவரிதான் வழி.

அவுட்லுக்கின் காண்டாக்ட் குரூப்

உங்கள் சொந்த முகவரிப் புத்தகத்தில் நீங்களே உண்டாக்கிக்கொள்ளும் குழு இது. டிஎல் மாதிரித் தெரியும், ஆனால் டிஎல் இல்லை. அனுப்பும் நொடியில் அது தனித்தனி முகவரிகளாக விரிந்துவிடும். நாளைக்குக் குழுவில் ஒருவரைச் சேர்த்தாலும், நேற்று போன அழைப்பில் எந்த மாற்றமும் வராது. தட்டச்சு மிச்சம், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்காரரும் தனக்கென்று இதே பெயரில் ஒன்று வைத்திருந்து, இரண்டு பட்டியலும் வேறு வேறாக இருந்தால் அது தனிக் கூத்து.

டிஎல்: அலுவலகங்களின் செல்லப்பிள்ளை

மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் லிஸ்ட்டைத்தான் எல்லோரும் டிஎல் என்கிறார்கள். ஒரு பெயரைப் போட்டால் போதும், நாற்பது பேருக்குப் போகும். ஐடி பிரிவோ மேலாளரோ உறுப்பினர் பட்டியலைப் பார்த்துக்கொள்வார்கள். முதல் நாள் எல்லாம் அருமையாக இருக்கும்.

சிக்கல் இதுதான்: சர்வர் அந்த டிஎல்லை விரிப்பது அனுப்பும் தருணத்தில் மட்டும். அடுத்த மாதம் டிஎல்லில் சேருகிறவருக்குப் பழைய அழைப்பு தானாக வராது. சேர்த்தவருக்கு மட்டும் அனுப்பு என்ற வசதியும் இங்கே உதவாது, ஏனென்றால் அவுட்லுக்கின் கண்ணுக்கு அழைப்பில் யாரும் மாறவில்லை, அதே ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. அவருக்காக மொத்தக் குழுவுக்கும் மறுபடி அனுப்ப வேண்டும், அல்லது பக்கத்தில் இருப்பவர் அழைப்பை ஃபார்வர்டு செய்ய வேண்டும். நடைமுறையில் எல்லா இடத்திலும் நடப்பது ஃபார்வர்டுதான். ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் அமைப்பாளருக்கு ஓர் அறிவிப்பு வந்து விழும்.

விலகுகிறவர் பாடு இதைவிட மோசம். டிஎல்லிலிருந்து பெயரை எடுத்தவுடன் அவருக்கும் அந்த அழைப்புக்கும் தொடர்பு அறுந்தது, ஆனால் காலண்டரில் மீட்டிங் அப்படியே நிற்கிறது. நேரம் மாறினால் அவருக்குத் தெரியாது. தொடரையே ரத்து செய்தாலும் ரத்து அறிவிப்பு அவருக்குப் போகாது. அவராகவே அழிக்கும் வரை வாராவாரம் பதினைந்து நிமிடம் முன்பாக நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும். "எனக்கு எதுக்கு இன்னும் இந்த மீட்டிங் வருது?" என்ற கேள்வி பெரும்பாலும் இப்படிப் பிறப்பதுதான்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. யார் யார் ஓய்வாக இருக்கிறார்கள் என்று பார்க்க, டிஎல் பெயருக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தட்டுவோம். குழு விரிந்து பெயர்களாகிவிடும், மறுபடி சுருக்க முடியாது. அவுட்லுக் எச்சரிக்கத்தான் செய்கிறது, நாம்தான் படிக்காமல் சரி என்று தட்டிவிடுகிறோம். அப்புறம் டிஎல்லுக்கு அனுப்பியதாக நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் அன்றைய நிலவரப்படி பெயர்களுக்கு அனுப்பியிருப்போம். தெரிந்தே செய்தால் இது நல்ல உத்தி என்பேன். டிஎல்லைப் போடுங்கள், விரியுங்கள், தேவையில்லாதவர்களை நீக்குங்கள், அனுப்புங்கள். தட்டச்சும் மிச்சம், கட்டுப்பாடும் கையில் இருக்கும்.

டிஎல்லுக்குள் டிஎல் இருந்தால் எத்தனை பேருக்குப் போகிறது என்றே பிடிபடாது. 25 பேரைத் தாண்டினால் அனுப்புமுன் பெரிய கூட்டம் என்று மேலே ஒரு வரி காட்டும்படி எக்ஸ்சேஞ்சில் இயல்பாகவே அமைத்திருக்கிறார்கள். அந்த வரியைப் பாருங்கள். அழைப்புக்கு "அன்று நான் விடுப்பு" என்று ரிப்ளை ஆல் போடும் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் உண்டு, அதற்குப் பதில் சொல்லும் சாக்கில் "என்னை எடுத்துவிடுங்கள்" என்று ரிப்ளை ஆல் போடுகிறவரும் உண்டு. மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே 1997-இல் பெட்லம் டிஎல்3 என்ற குழுவில் இப்படித் தொடங்கிய பதில் மழை அவர்களுடைய மெயில் சர்வர்களையே திணறடித்தது. 2020-இல்தான் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இதற்கென்று ஒரு தடுப்பு வந்தது. முதலில் வைத்த அளவு: 5,000 பேருக்கு மேல் போகும் ஒரே உரையாடலில் ஒரு மணி நேரத்துக்குள் 10 ரிப்ளை ஆல் வந்தால், அடுத்த 4 மணி நேரத்துக்கு அடைப்பு.

மைக்ரோசாஃப்ட் 365 குரூப்பும் குழு முகவரிதான், ஆனால் டிஎல் இல்லை, வேறு சரக்கு. அதற்கென்று சொந்தக் காலண்டர் உண்டு. குழு மெயில்கள் தன் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம் என்று வைத்திருப்பவருக்கு அழைப்பும் அங்கே வராது. பிறகு "எனக்கு வரவே இல்லையே" என்று அவர் சொல்வது பொய்யில்லை.

கூகுள் குரூப்: இந்த இடத்தில் ஒரு படி மேல்

கூகுள் காலண்டரில் குழு முகவரியை அழைத்தால், அந்தக் குழுவின் உறுப்பினர்களைப் பார்க்கும் அனுமதி உங்களுக்கு இருக்கும்பட்சத்தில், அழைப்பு ஒவ்வொருவர் காலண்டரிலும் தனியாக ஏறும், பதில்களும் தனித்தனியாகத் தெரியும். பின்னால் சேருகிறவருக்கு வரவிருக்கும் மீட்டிங்குகள் வந்துவிடும், விலகுகிறவரிடமிருந்து நீங்கிவிடும். குபர்னெட்டீஸ் திறமூலத் திட்டம் இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. அங்கே ஒரு குழுவின் மெயில் பட்டியலில் சேர்ந்தாலே அதன் மீட்டிங் அழைப்புகள் பொதுவாக உங்கள் காலண்டருக்கு வந்துவிடும். யாரும் யாரையும் கையால் சேர்க்க வேண்டியதில்லை.

உறுப்பினர் பட்டியலை மறைத்து வைத்திருக்கும் குழு என்றால் இந்த வசதி கிடைக்காது, அழைப்பு வெறும் மெயிலாகத்தான் போகும். ஆகவே கூகுள் குரூப்பை மீட்டிங்குக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் முதலில் அந்த அனுமதியைச் சரிபாருங்கள். விருந்தினர் பட்டியல் எல்லோருக்கும் தெரிய வேண்டுமா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள், இயல்பு நிலையில் அது தெரியும்படிதான் இருக்கும்.

பழைய பாணி மெயில் பட்டியல்

மெயில்மேன் போன்ற மென்பொருளில் ஓடும் பட்டியலுக்கு அழைப்பு அனுப்புவதை நான் தவிர்க்கவே சொல்வேன். ஓர் அழைப்புக்குள் அமைப்பாளர் இன்னார், விருந்தினர் இன்னார் என்று முகவரிகள் எழுதியிருக்கும், காலண்டர் மென்பொருள்கள் பொதுவாகப் பின்பற்றும் ஐகேலண்டர் தரநிலையின் அமைப்பு அப்படி. பட்டியலுக்கு அனுப்பினால் விருந்தினர் இடத்தில் பட்டியலின் முகவரி மட்டும் இருக்கும். பெறுகிறவரின் மென்பொருள் அதில் தன் ஆளின் முகவரியைத் தேடும், கிடைக்காது. சில மென்பொருள்களில் வருகிறேன், வரவில்லை என்ற பொத்தான்களே வராது. பதில் அனுப்ப முடிந்தாலும், அமைப்பாளரின் பக்கம் அவர் அழைக்கப்படாமல் வந்தவராகத்தான் தெரிவார். இதுபோக, மெயிலோடு வரும் இணைப்புக் கோப்புகளை வடிகட்டும் பட்டியலின் வசதி காலண்டர் பகுதியையே வெட்டிவிடலாம். உறுப்பினரல்லாதவர் அனுப்பினால், பட்டியலைக் கவனிக்கும் மட்டுறுத்துநர் அனுமதிக்கும்வரை அழைப்பு கிடப்பில் கிடக்கும். திங்கள் மீட்டிங்கின் அழைப்பு செவ்வாய் வந்து சேர்வது இப்படித்தான்.

இத்தகைய பட்டியலுக்குப் பொதுக் காலண்டரின் சுட்டியைச் சாதாரண மெயிலில் அனுப்பிவிடுங்கள், விரும்பியவர் சந்தா எடுத்துக்கொள்வார். யார் வருவார் என்று தெரியாது, ஆனால் சேர்ப்பதும் நீக்குவதும் உங்கள் தலைவலி இல்லை. ஒரே எச்சரிக்கை: சுட்டி வழியாகச் சேர்த்த காலண்டரில் மாற்றங்கள் தெரிய 12 மணி நேரம்கூட ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. காலையில் ரத்து செய்த மீட்டிங்குக்கு மாலையில் ஆள் வந்து நிற்பார்.

என் தேர்வு

முடிவெடுக்க வேண்டிய கூட்டம், பத்துப் பதினைந்து பேர்: பெயர்கள்தான், மறு பேச்சில்லை. கூகுளில் இயங்கும் அணியின் வாராந்திரக் கூட்டம்: குழு முகவரி. எக்ஸ்சேஞ்சில் அதே கூட்டம் என்றால் முப்பது பேர் வரை டிஎல்லை விரித்துப் பெயர்களாக அனுப்புவேன். அதற்கு மேல் டிஎல்தான், ஆனால் தொடருக்கு மூன்று மாதத்தில் முடிவுத் தேதி வைப்பேன். மூன்று மாதம் முடிந்ததும் புதிய தொடர் அனுப்பினால் அன்றைய உறுப்பினர்களுக்கு மட்டும் போகும், விலகியவர்களின் காலண்டரில் ஒட்டிக்கொண்டிருந்ததும் அங்கேயே முடிந்துவிடும். நிறுவனம் முழுவதற்குமான கூட்டத்துக்கு டிஎல் போட்டு, பதில் கேட்கும் வசதியை அணைத்துவிடலாம், நானூறு பேர் வருகிறேன் என்று சொல்வதை யார் படிப்பது?

முடிவுத் தேதி இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். விலகிப் போகிறவர் அமைப்பாளராகவே இருந்துவிட்டால்? கூகுள் காலண்டரில் நிகழ்வின் உரிமையை அவர் வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். அவுட்லுக்கில் அது இத்தனை எளிதாக இருந்ததில்லை. அவர் வேலையை விட்டுப் போகும் முன் தொடரை ரத்து செய்துவிட, அடுத்தவர் புதிதாக அனுப்புவதுதான் வழக்கமான வழி. கடைசி நாள் கையெழுத்து வாங்கும் பட்டியலில் லேப்டாப், அடையாள அட்டையோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.