இரவில மான் படம் வடிவா விழவேணுமெண்டால் எந்த ட்ரெயில் கமரா? மெகாபிக்சலை விட்டுட்டு வெளிச்சத்தைப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் காணி வச்சிருக்கிற ஆக்கள் கனபேர் இப்ப ட்ரெயில் கமரா பற்றிக் கேக்கினம். மரத்தில கட்டிவிட்டால் மிருகம் கடந்து போகேக்க தானா படம் எடுக்கிற சாமான். பகல் படம் எந்த மலிவுக் கமராவும் ஓரளவு எடுத்துத் தரும், ஆனா புள்ளிமானும் மரையும் காணிக்க இறங்கிறது பொழுதுபட்டாப் பிறகு, அந்த நேரத்தில எடுத்த படத்தில மான் எது பற்றை எது எண்டு தெரியாட்டி என்ன பிரயோசனம்? அதால நான் இரவுப் படத்தை மட்டும் வச்சுத்தான் எழுதுறன்.

முதல்ல பெட்டியில பெரிசா அடிச்சிருக்கிற 24, 36, 48 மெகாபிக்சல் கதையை விட்டிடுங்கோ. உள்ளுக்க இருக்கிற சென்சர் கனதரம் ஒரு சில மெகாபிக்சல்தான், மிச்சத்தை மென்பொருள் இழுத்துப் பெரிசாக்கித் தருது, மெமரி காட் கெதியா நிரம்பிறதைத் தவிர அதில நன்மை ஒண்டுமில்லை. ரெக்கொனிக்ஸ் எண்டு ஒரு கொம்பனியின்ர கமரா, உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர் பாவிக்கிறது, சரியான விலை, அதில ஹைப்பர்ஃபயர் 2 எண்ட மொடல் எடுக்கிற படமே 3 மெகாபிக்சல் அளவுதான். இரவுப் படத்தைக் கெடுக்கிறது பிக்சல் குறைவில்லை, வெளிச்சம் காணாதது. வெளிச்சம் காணாட்டி கமரா ஷட்டரைக் கனநேரம் திறந்து வச்சிருக்கும், அந்த நேரத்துக்க மான் ஒரு அடி வச்சாலே காலும் காதும் இழுபட்டு புகைமாதிரி விழும். நிண்டு மேயிற மானின்ர படம் நல்லா இருக்குதெண்டு கமராவை நம்பாதேங்கோ, வாங்க முதல் நெற்றில தேடேக்க நடக்கிற மிருகத்தின்ர இரவுப் படத்தைத் தேடிப் பாருங்கோ.

அடுத்தது இன்ஃப்ராரெட் ஃப்ளாஷ், அதாவது இருட்டில படம் எடுக்க கமரா அடிக்கிற, எங்கட கண்ணுக்குப் பெரிசாத் தெரியாத வெளிச்சம். வெளிச்சத்தின்ர அலைநீளத்தை வச்சு இதில ரெண்டு சாதி இருக்கு, 850 நானோமீற்றர், 940 நானோமீற்றர். 850 அடிக்கேக்க கமராப் பக்கம் மெல்லிசா ஒரு சிவப்புப் பொட்டுத் தெரியும், 940 கண்ணுக்குத் தெரியாது. எல்லாரும் தெரியாததுதான் திறம் எண்டு அதை வாங்கப் பாக்கினம், ஆனா கமராச் சென்சர் 940 வெளிச்சத்தைக் குறைவாத்தான் பிடிக்கும், அதால படம் இருட்டு, தூரமும் குறைவு, இழுபடுறதும் கூட. மான் சிவப்பை எங்களைமாதிரிப் பாக்கிறதில்லை, சிலது தலையைத் தூக்கிப் பாக்கும், பிறகு தன்ர பாட்டில மேயும். மானுக்கெண்டால் என்ர தெரிவு 850தான். ஆக்கள் நடமாடுற இடம், களவு போற பயம் இருக்கெண்டால் மட்டும் 940 பாருங்கோ.

நான் இப்ப பாவிக்கிறது பிரௌனிங் ரெக்கோன் ஃபோர்ஸ், கனடாவில இருந்து வந்த மாமா கொண்டுவந்து தந்தவர். இது சிவப்புப் பொட்டு வகை. இதே கொம்பனியின்ர டார்க் ஆப்ஸ் எண்டிறது பொட்டுத் தெரியாத வகை, பேரைப் பாத்து மாறி வாங்கிடாதேங்கோ. எனக்கு இதில பிடிச்சது ஃப்ளாஷ் மோட்டை நாங்களே மாத்தலாம் எண்டிறதுதான். லோங் ரேஞ்சில விட்டால் தூரத்து மரம்வரைக்கும் தெரியும் ஆனா நடக்கிற மான் கொஞ்சம் இழுபடும், ஃபாஸ்ட் மோஷனில விட்டால் தூரம் குறையும், படத்தில கொஞ்சம் குறுணி விழும், ஆனா மானின்ர புள்ளி ஒவ்வொண்டும் தனித்தனியாத் தெரியும். ஒற்றையடிப் பாதைக்கு ஃபாஸ்ட் மோஷன், குளக்கரை வெட்டைக்கு லோங் ரேஞ்ச். உள்ளுக்கு சின்னத் திரை இருக்கு, கட்டின இடத்திலயே என்ன தெரியுதெண்டு பாத்துச் சரிக்கட்டலாம். விலை மலிவில்லை, அந்தக் காசுக்கு பேர் தெரியாத கமரா ரெண்டு மூண்டு வாங்கலாம், ஆனா அப்பிடி ஒண்டையும் பக்கத்திலயே கட்டிப் பாத்தனான், அது மான் போய் முடிஞ்சாப் பிறகு வாலைத்தான் எடுத்துத் தருது. வெளிநாட்டில வாங்கினதை பழுதெண்டு திருப்பி அனுப்பிறது பெரிய சோலி, கொண்டுவாறவரை அங்கயே ஒருக்காப் போட்டுப் பாத்திட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கோ.

பற்றரியில மிச்சம் பிடிக்காதேங்கோ. சாதாரண அல்கலைன் போகப்போக வோல்ற்றேஜ் இறங்கும், பகல் படம் நல்லாத்தான் வரும், இரவில ஃப்ளாஷ் மங்கிப்போகும், ஆக்கள் கமரா பழுதெண்டு நினைப்பினம். லித்தியம் டபிள் ஏ கடைசிவரைக்கும் ஒரே மாதிரி நிக்கும், ஊத்தாது, விலைதான் கூட.

கட்டுற விதம் கமராவுக்குச் சமன். இடுப்பளவு உயரம், மான் வரும்பாதையில இருந்து அஞ்சாறு மீற்றர், பாதைக்குக் குறுக்க நேரா இல்லாமல் கொஞ்சம் சரிச்சு, அப்பத்தான் மான் கனநேரம் படத்துக்க நிக்கும். முன்னுக்கு நிக்கிற ஒரு இலை, ஒரு புல்லு காணும், ஃப்ளாஷ் அதில பட்டு அது வெள்ளையாகி பின்னால நிக்கிற மான் இருண்டுபோகும், கத்தி கொண்டுபோய் வடிவா வெட்டித் துப்புரவாக்குங்கோ. சூரியன் நேர அடிக்காமல் வடக்கு இல்லாட்டித் தெற்குப் பாத்துக் கட்டுங்கோ. இந்தக் கமராக்கள் உடம்புச் சூட்டுக்கும் சுத்தியிருக்கிற சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் உணருது, அதால சித்திரை வைகாசி வெக்கையில பின்னேர மான் கன எண்ணம் தவறும், சாமத்துக்குப் பிறகு சரியாகும். மார்கழி தை விடியப்புறம் பனி கண்ணாடியில படியும், அதுக்கு ஒண்டும் செய்யேலாது, துடைச்சுவிடுறதுதான். பெட்டிக்க எறும்பு கூடுகட்டும், ரப்பர் விளிம்பை ஒவ்வொருமுறையும் பாருங்கோ. ஆனை வாற இடமெண்டால் இரும்புப் பெட்டியும் காப்பாத்தாது, மரத்தில இன்னும் உயரக் கட்டி கீழ சரிச்சு விடுங்கோ.

சிம் போட்டு போனுக்கு படம் அனுப்பிற வகையும் இருக்கு, ஆனா கமரா எங்கட நாட்டு 4ஜி அலைவரிசைக்குச் சரிவருமோ, அந்தக் காணிக்க சிக்னல் இருக்கோ எண்டு பாக்காமல் காசைப் போடாதேங்கோ.

சுண்டிக்குளம்மாதிரித் தேசியப் பூங்காக்களுக்க கட்டுறதெண்டால் வனசீவராசிகள் திணைக்களத்திட்ட அனுமதி எடுக்கவேணும். இன்னொண்டு, மான் எந்தப் பாதையால எந்த நேரம் வருதெண்டு இந்தக் கமரா துல்லியமாச் சொல்லும். மானை வேட்டையாடுறது இங்க குற்றம், எண்டாலும் கண்ணி வைக்கிறவையும் கட்டுத்துவக்குக் கட்டுறவையும் இருக்கினம், தயவுசெய்து இடத்தின்ர பேரோட நேரத்தோட படத்தை ஃபேஸ்புக்கில போடாதேங்கோ, நேரத்தை வெட்டிப்போட்டுப் போடுங்கோ.

வாங்கினவுடன வன்னிக்குக் கொண்டு ஓடாமல் முதல் வீட்டு வளவுக்க கட்டிப் பாருங்கோ. ஒரு வளந்த கிடாய் ஆடு கிட்டத்தட்ட புள்ளிமான் உயரம் வரும், இருட்டினாப் பிறகு அஞ்சு மீற்றரிலயும் பத்து மீற்றரிலயும் அதை நடத்திக்கொண்டு போங்கோ. பேந்து படத்தைக் கொம்பியூட்டரில போட்டுப் பெரிசாக்கி ஆட்டின்ர காது விளிம்பைப் பாருங்கோ, கலங்கியிருந்தால் மோட்டை மாத்திப்போட்டு திரும்ப ஒருக்கா நடத்துங்கோ.