சிறுகுறிஞ்சான்: ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டுப் பார்த்ததில்

சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஆவாரம்பூ, வெந்தயம், நாவல்கொட்டை, பாகற்காய்ச் சாறு என்று வரிசையாக வந்ததில் நான் விடாமல் பிடித்துக்கொண்டது சிறுகுறிஞ்சானை மட்டும்தான். டாக்டர் எழுதிக்கொடுத்த மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. அதோடு சேர்த்துத்தான் இது.

முதலில் நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கி வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். கசப்பு, பச்சிலை வாடை, அவ்வளவுதான். அப்புறம் தெரிந்தவர் ஒருவர் தோட்டத்து வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து பச்சை இலை கிடைத்தது. எதிரெதிராக இரண்டிரண்டு இலை, தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். இரண்டு இலையை நன்றாக மென்று, சாறு நாக்கு முழுவதும் படும்படி வைத்திருந்துவிட்டுச் சீனியை வாயில் போட்டேன். சத்தியமாக மணலை மெல்வது போலத்தான் இருந்தது! உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் தெரிகிறது. இனிப்பை மட்டும் காணோம். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகுதான் மெதுவாகத் திரும்பியது. இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பிகளை அடைத்துக்கொள்வதால் வருவது இது.

பொடியை நாக்கில் தடவிச் சீனி போட்டுப் பார்த்தபோது வழக்கம்போல இனித்தது. பழசோ, வேறு இலை கலந்ததோ, அந்தக் கடைப் பொடியை அத்தோடு விட்டுவிட்டேன்.

சரி, சர்க்கரை குறைந்ததா? வெறும் வயிற்றில் விரலைக் குத்திக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் ஒரு நாள் 130, ஒரு நாள் 150 என்று பழைய ஆட்டம்தான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி மட்டும் 7.9-லிருந்து 7.3-க்கு வந்தது. அதை முழுக்க இலையின் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் இலையை மென்றுவிட்டு டீக்கு உட்கார்ந்தால் மைசூர்பாகு வெறும் நெய் வாசனையோடு சப்பென்று இருக்கும். இரண்டாவது துண்டுக்குக் கை போகாது. பெரிய பங்கு அதற்குத்தான் என்பது என் கணிப்பு.

சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். வழக்கமான மாத்திரையோடு இந்த இலைச் சத்தைத் தினமும் 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் எடுத்த 22 பேரில் 5 பேர் மாத்திரையை விட முடிந்தது. மீதி 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை!

இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். சர்க்கரை தாழ்நிலைக்குப் போய்விடலாம். இதைச் சாப்பிட்டவருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் மருத்துவ இதழில் பதிவு உண்டு. அதனால் ஹெச்பிஏ1சி எடுக்கும்போதே கல்லீரல் பரிசோதனையையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன். இதுவரை எனக்கு அதில் குறை எதுவும் வரவில்லை.