குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி: எக்ஸ்டென்ஷன் ரிஜெக்ட் ஆனால் எங்கே காரணம் புரியும்?

பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே தயாராகும். வாடிக்கையாளர்கள் விவரத்தை வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புவார்கள். கடையில் ஓடுவதோ பக்கம் வடிவமைக்கும் பழைய பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவும். யூனிகோடை அப்படியே ஒட்டினால் கேள்விக்குறியாகக் கொட்டும். மாற்றித் தரும் இணையதளங்கள் உண்டுதான். ஆனால் வாசலில் ஆள் நிற்கும்போது நாலு முறை காப்பி, பேஸ்ட் செய்ய யாருக்குப் பொறுமை? கடைக்கார அண்ணன் பாதி நேரம் மறுபடி தட்டச்சே செய்துவிடுவார்.

அவருக்காக ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்ந்து ஓடும் குட்டி நிரல், எழுதினேன். வாட்ஸ்அப் வெப்பில் செய்தியைத் தேர்ந்தெடுத்து வலது க்ளிக் செய்தால், பாமினியாக மாறி காப்பி ஆகிவிடும். எழுதி முடிக்க இரண்டு வாரக் கடைசி போதுமாக இருந்தது. அதை ஒவ்வொரு பிரவுசரின் இணைய எக்ஸ்டென்ஷன் கடையிலும் ஏற்றத்தான் நாள் இழுத்தது. அந்த அனுபவத்தில் ஒன்று புரிந்தது: ‘எங்கே சீக்கிரம் அப்ரூவ் ஆகும்’ என்பதை இரண்டாவதாகக் கேட்டால் போதும். மறுத்தால் காரணம் புரியுமா, புரியாவிட்டால் வேறு வழி உண்டா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். குரோம் வெப் ஸ்டோரில் கணக்கு தொடங்க ஒரே ஒரு முறை 5 டாலர். ஃபயர்பாக்ஸும் எட்ஜும் இலவசம். சஃபாரிக்கு ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் சேர வேண்டும்: ஆண்டுக்கு 99 டாலர், நம் பணத்தில் எட்டாயிரத்துக்கு மேல். சோதித்துப் பார்க்க ஒரு மேக்கும் வேண்டும். ஆப்பிளின் ரிவ்யூவில் எந்த விதி எண் என்று சொல்வார்கள், ரிவ்யூ செய்பவருக்குப் பதில் எழுதலாம், மேல்முறையீட்டுக்குத் தனிக் குழுவும் இருக்கிறது. அந்த வகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் போய்வரும் டிடிபி கடைகளில் ஒரு மேக் கூடக் கண்ணில் படவில்லை. சஃபாரியை அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்தது அனுமதி. முதல் வடிவத்தில் எல்லா இணையதளங்களுக்கும் அனுமதி கேட்டிருந்தேன், சோம்பேறித்தனம்தான். குரோமில் நிறுவும்போது, எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவு அனைத்தையும் படிக்கும், மாற்றும் என்று எச்சரிக்கை வந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, என் பேங்க் விஷயத்தையும் படிக்குமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்புறம் ‘ஆக்டிவ் டேப்’ அனுமதிக்கு மாறினேன். பயன்படுத்துபவர் க்ளிக் செய்யும்போது மட்டும், அந்த ஒரு டேபுக்கு மட்டும் கிடைக்கும் அனுமதி அது. எச்சரிக்கையும் வராது. வலது க்ளிக் மெனுவே தேர்ந்தெடுத்த வரிகளைக் கொடுக்கும்தான். ஆனால் வரி முறிவுகளை விழுங்கிவிடும். கண்ணீர் அஞ்சலியில் மகன்கள், மருமகள்கள், பேரன்கள் பெயரெல்லாம் ஒரே வரியாக வந்தால் என்ன செய்வது? அதனால்தான் பக்கத்துக்குள் போய்ப் படிக்க வேண்டியிருந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. குரோமில் பரந்த அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு ரிவ்யூ அதிக நேரம் பிடிக்கும் என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது. கேட்கும் ஒவ்வொரு அனுமதிக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டும். ‘ஒரே நோக்கம்’ என்ற விதியும் இருக்கிறது. நான் ஆசைப்பட்டுச் சேர்த்திருந்த ‘தினம் ஒரு குறள்’ அந்த விதியைப் படித்ததும் வெளியே போனது. வள்ளுவர் மன்னிப்பார்.

இப்போது மறுப்புக்கு வருவோம். குரோம் அனுப்பும் மறுப்புக் கடிதத்தில் ஒரு நிறமும் ஒரு தனிமமும் சேர்ந்த பெயர் இருக்கும். ‘பர்ப்பிள் பொட்டாசியம்’ என்றால் தேவையில்லாத அனுமதி கேட்டிருக்கிறீர்கள். ‘ரெட் டைட்டானியம்’ என்றால் நிரலை மறைத்து எழுதியிருக்கிறீர்கள். ‘ப்ளூ ஆர்கான்’ என்றால் வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டுகிறீர்கள். ‘யெல்லோ மெக்னீசியம்’ என்றால் சொன்னபடி வேலை செய்யவில்லை. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் உப்பு கண்டுபிடித்த ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு பெயருக்கும் விளக்கம் அவர்கள் ஆவணத்தில் இருக்கிறது, ஆகவே எந்த விதி என்று தெரிந்துவிடும். உங்கள் நிரலில் எந்த இடத்தில் என்பதை நீங்களேதான் தேட வேண்டியிருக்கும்.

ஃபயர்பாக்ஸில் வேறு மாதிரி. அவர்கள் பயன்படுத்தும் தானியங்கிச் சோதனைக் கருவி ஓப்பன் சோர்ஸ். ஏற்றுவதற்கு முன்பே நம் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம், பரீட்சைக்கு முந்தைய நாளே ஒரு மார்க் கேள்விகள் கையில் இருப்பது போல. அதற்குப் பதிலாக அவர்கள் கேட்பதும் கூடுதல். நிரலைச் சுருக்கியோ பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியோ அனுப்பினால், மூல நிரலையும் அதைக் கட்டும் செய்முறையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை அவர்கள் கட்டிப் பார்க்கும்போது நீங்கள் அனுப்பியதோடு பொருந்த வேண்டும். எட்ஜில் மறுப்பு அறிக்கை விதி எண்ணோடு வரும். சோதிப்பவருக்குக் குறிப்பு எழுத ஓர் இடமும் உண்டு. அதைத் தாண்டிச் சொல்ல எதுவும் இல்லை.

எனக்கு இந்த மூன்றில் ஒன்று மறுப்பு அனுப்பியது. பெயர் வேண்டாம். நிரல் படிக்க முடியாதபடி இருக்கிறது என்பது காரணம். நான் எதையும் சுருக்கவில்லை, மறைக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது: எந்த யூனிகோட் எழுத்துக்கு எந்தப் பாமினி எழுத்து என்று நிரலுக்குள் இருக்கும் அட்டவணை! பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல், அடியில் பார்த்தால், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அப்படி நூற்றுக்கணக்கான வரிகள். தமிழ் தெரியாத ஒருவருக்கோ ஒரு இயந்திரத்துக்கோ அது வேண்டுமென்றே குழப்பி எழுதியது போலத்தான் தெரியும். அட்டவணைக்கு மேலே பத்து வரி ஆங்கிலத்தில் பழைய தமிழ் எழுத்துருக்களின் கதையை எழுதி மறுபடி ஏற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. அப்ரூவ் ஆனது. என் ஊகம் சரியா, இல்லை இரண்டாவது முறை வேறு ஆள் பார்த்தாரா, இன்றுவரை தெரியாது. எனக்கு எரிச்சல் தருவது மறுப்பு இல்லை, இந்தத் தெரியாமைதான்.

புதுப்பிப்பு வேகம் எங்கள் தொழிலில் பெரிய விஷயம். ஒருமுறை ‘ஸ்ரீ’ தவறாக மாறியது. மறுநாளே சரிசெய்து ஏற்றிவிட்டேன், ஆனால் ஒரு எக்ஸ்டென்ஷன் கடையின் ரிவ்யூ வரிசையில் அது அப்படியே நின்றது. சாவு போஸ்டர் அதற்காகக் காத்திருக்காது; அன்று மாலைக்குள் சுவரில் ஒட்டியாக வேண்டும். அண்ணன் கையாலேயே திருத்திக்கொண்டார். குரோமில் பெரும்பாலான ரிவ்யூக்கள் சில நாளில் முடிந்துவிடும். மூன்று வாரம் தாண்டினால் உதவிக்குழுவுக்கு எழுதச் சொல்கிறார்கள். எட்ஜில் ஏழு வேலை நாள் வரை ஆகலாம். ஃபயர்பாக்ஸ் 2017-ல் முறையை மாற்றியது: பெரும்பாலும் தானியங்கிச் சோதனை முடிந்ததும் வெளியாகிவிடும், ஆள் பார்ப்பது பிற்பாடு.

கடையைத் தாண்டி நாமே கொடுக்கும் பின்வாசல் விஷயத்தில்தான் உண்மையான வித்தியாசம். ஃபயர்பாக்ஸில் 2016 முதல், அதை உருவாக்கும் மொசில்லாவின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எக்ஸ்டென்ஷன் சாதாரணப் பதிப்பில் ஓடாது. ஆனால் கையொப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு கோப்பை நம் தளத்திலிருந்தே கொடுக்கலாம். குரோம் விண்டோஸில் 2014-லேயே வெளிக் கடைகளை அடைத்துவிட்டது. டெவலப்பர் மோடை இயக்கி ஒரு ஃபோல்டரிலிருந்து ஏற்றலாம். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ‘பட்டியலில் காட்டாதே’ என்று வைத்தாலும் அதே ரிவ்யூவைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், காரணம் இருக்கிறது. இருபது லட்சம் பேர் வைத்திருந்த ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற குரோம் எக்ஸ்டென்ஷன் 2020-ல் வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் என்று கூகுள் அதை நீக்கியது. ஃபயர்பாக்ஸையும் கோயிலாக்க வேண்டாம். 2019 மே மாதம் மொசில்லாவின் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் எக்ஸ்டென்ஷன்கள் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. 2024 செப்டம்பரில் ‘யூபிளாக் ஆரிஜின் லைட்’ என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் தரவு சேகரிக்கிறது, அதில் இயந்திரம் உருவாக்கிய நிரல் இருக்கிறது என்று தவறாகக் குறிக்கப்பட்டது. பிறகு மொசில்லா மன்னிப்புக் கேட்டது. அதை எழுதிய ரேமண்ட் ஹில் மொசில்லாவின் கடைக்குத் திரும்பி வரவில்லை, தானே வெளியில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பெயர் பெற்றவருக்கே இப்படி என்றால் வியாசர்பாடியிலிருந்து ஏற்றும் என் கதி என்ன? ஆனால் அவருக்கு வெளியில் வைக்க ஓர் இடம் இருந்தது, அதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, போன். ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. டிடிபிக்கு உதவாது, உங்கள் ஆட்கள் போனில் இருந்தால் உதவும்.

என் வரிசை இது. முதலில் ஃபயர்பாக்ஸ்: சோதனைக் கருவியை ஓட்டி, நிரலைச் சுத்தமாக்கி, அங்கே ஏற்று. அடுத்து குரோம். தீபாவளிக்கு எம்.சி. ரோட்டை விட்டுவிட்டு வேறு எங்கே துணி விற்பது, கூட்டம் அங்கேதானே. எட்ஜ் கடைசியில், அதே ஜிப்பைத் தூக்கிப் போட்டால் போதும். அவசரம் என்றால் எட்ஜ்காரர்கள் குரோம் கடையிலிருந்தே நிறுவிக்கொள்ளலாம்.

அண்ணன் கடையில் இப்போது வாட்ஸ்அப் வெப் ஃபயர்பாக்ஸில் திறந்திருக்கிறது, மற்றதெல்லாம் குரோமில். புதுப்பிப்பு வந்தால் ஃபயர்பாக்ஸுக்கு அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. போன வாரம் ‘க்ஷ’ சரியாக வரவில்லை என்று போன் செய்தார். இன்று இரவு உட்கார வேண்டும்.